கண்கொத்தியும் கொம்பேறி மூக்கனும்: மரப் பாம்புகளைப் பற்றி உழவர் அறிய வேண்டியவை

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும்போதும், முருங்கையில் காய் பறிக்கும்போதும், கிளுவை வேலியைக் கழித்துச் சீர் செய்யும்போதும் முகத்துக்கு நேராக ஒரு பச்சைக் கொடி ஆடுவதைக் கண்டு திடுக்கிடாத உழவர் இல்லை எனலாம். காற்று நின்ற பின்னும் அது ஆடினால் கொடி அன்று, பச்சைப் பாம்பு. கண்ணைக் கொத்திவிடும் என்ற அச்சத்தில் ஏணியிலிருந்து குதித்து அடிபடுவோர் உண்டு. அரிவாளை வீசித் தம் கையையே காயப்படுத்திக் கொள்வோரும் உண்டு. பாம்பு செய்யாத கேட்டைப் பயம் செய்துவிடுகிறது.

தோட்டங்களில் மரத்தின் மேல் காணப்படும் பாம்புகளில் பெரும்பாலானவை மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்காதவை. ஆயினும் விரியனுக்கு அஞ்சுவதைக் காட்டிலும் கண்கொத்திக்கும் கொம்பேறி மூக்கனுக்கும் அதிகம் அஞ்சுவோர் ஊர்ப்புறங்களில் பலர். அச்சம் இப்படி இடம் மாறிப் போவதால் உழவருக்கு இரண்டு வகையில் நட்டம் உண்டாகிறது. தீங்கற்ற பாம்பு வீணே அடிபட்டுச் சாகிறது என்பது ஒன்று. உண்மையிலேயே உயிரைப் பறிக்கும் பாம்பு கடித்தபோது செய்ய வேண்டியதைச் செய்யத் தவறுவது மற்றொன்று. இரண்டாவதே பெரிய நட்டம். இவை நேராமல் இருக்க மரப் பாம்புகளின் இயல்பைத் தெரிந்து வைத்திருப்பது நலம்.

மரத்தில் வாழ ஏற்ற உடல்

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உள்ளன. மண்ணுக்குள் வாழ்பவை, நீரில் வாழ்பவை, தரையில் வாழ்பவை என்று இவை பலவகைப்படும். மரத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவற்றின் உடலமைப்பு மற்றவற்றிலிருந்து வேறுபட்டது.

முதலாவது, உடல் ஒல்லியாகவும் எடை குறைவாகவும் இருக்கும். அதனால் மெல்லிய நுனிக் கிளையும் அதன் பாரத்தைத் தாங்கும். இரண்டாவது, வால் மிக நீண்டது. பின்பகுதியாலும் வாலாலும் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு, உடலின் முன்பகுதியைக் கழி போல நேராக நீட்டி அடுத்த கிளையைத் தொட்டுவிடும். கனத்த உடல் கொண்ட கண்ணாடி விரியனால் இப்படிச் செய்ய இயலாது.

மூன்றாவது அமைப்பு வெளியே தெரியாது. பாம்பு மரத்தில் நெட்டாக ஏறும்போது இரத்தம் வால் பக்கம் இறங்கித் தேங்கிவிட்டால் மூளைக்குப் போதிய இரத்தம் கிடைக்காது. இதைத் தடுக்க மரப் பாம்புகளின் இதயம் தலைக்குச் சற்று அருகில் அமைந்திருக்கிறது. உடலை இறுக்கிப் பிடித்தாற்போன்ற தோலும் இரத்தம் கீழே தேங்காமல் காக்கிறது. ஒரு முழ உயரம் கூட நேராக ஏறாத பாம்புகளுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படுவதில்லை.

பச்சைப் பாம்பு

கண்கொத்திப் பாம்பு, கண்குத்திப் பாம்பு என்று வழங்குவதும் இதுவே. இலைப் பச்சை நிறம்; விரல் பருமன்; அடிவயிற்றின் இரு ஓரத்திலும் வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளைக் கோடு. நீளம் நான்கு ஐந்து அடி இருக்கும். அதற்கு மேலும் வளர்வது உண்டு. தலை நீண்டு, மூக்கு ஊசி போல முன்னே கூர்ந்திருக்கும். பழுப்பு நிறத்திலும் சில உண்டு.

இதன் கண் கவனிக்கத் தக்கது. மற்றப் பாம்புகளின் கண்மணி வட்டமாகவோ நெடுக்குக் கீற்றாகவோ இருக்கும். பச்சைப் பாம்பின் கண்மணி சாவித் துவாரம் போலக் கிடைமட்டமாக நீண்டது. இவ்வகைக் கண் உலகில் மிகச் சில பாம்புகளுக்கே உண்டு. கண்ணுக்கு முன்னால் மூக்கு வரை இரு புறமும் ஒரு பள்ளம் ஓடுகிறது. துப்பாக்கியில் குறி பார்ப்பது போல அந்தப் பள்ளத்தின் வழியே இரண்டு கண்களாலும் ஒரே பொருளை நேருக்கு நேர் பார்க்க முடிகிறது. இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இதனால் சரியாகக் கணித்துக் கொள்ளும். பெரும்பாலான பாம்புகள் நாக்கால் மோப்பம் பிடித்தே இரையைத் தேடுகின்றன. பச்சைப் பாம்போ பகலில் கண்ணால் வேட்டையாடும் பாம்பு.

ஓணான், பல்லி, தவளை ஆகியவை இதன் முக்கிய உணவு; சில சமயம் சிறு குருவிகளையும் பிடிக்கும். இரையைக் கண்டதும் அசையாமல் நிற்கும். பின் காற்றில் ஆடும் கொடியைப் போல முன்னும் பின்னும் அசைந்தபடியே அணு அணுவாக நெருங்கும். நாக்கை உள்ளே இழுக்காமல் நேராக நீட்டி வைத்துக் கொள்வதும் உண்டு. அருகில் வந்ததும் ஒரே பாய்ச்சலில் ஓணானின் கழுத்தைக் கவ்வி, தரையில் கால் ஊன்ற விடாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக் கொள்ளும். இதற்கு விஷப் பல் வாயின் பின்பகுதியில் உள்ளது. இரையை மென்று பிடித்திருக்கும்போது விஷம் மெல்ல இறங்கி ஓணான் தளர்ந்து போகும். பிறகு தலைப் பக்கமாக விழுங்கிவிடும். ஓணானை மயக்கும் அளவுக்கே அமைந்த இந்த விஷம் மனிதனுக்கு ஆபத்தானது அன்று. கடித்த இடத்தில் சிறிது வலியும் வீக்கமும் உண்டாகலாம். இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும்.

கண்ணைக் கொத்துமா?

கொத்துவதற்காகக் காத்திருக்கிறது என்பது கட்டுக்கதை. எனினும் இக்கதை பிறந்ததற்குக் காரணம் உண்டு. இது வசிப்பது மனிதனின் முகம் வரும் உயரத்தில், செடி கொடிகளுக்கு நடுவே. கண்ணுக்குத் தெரியாதபடி இருப்பதால் மனிதன் மிக அருகில் சென்ற பின்தான் அதைக் காண்கிறான். பாம்பும் இரு கண்களையும் நேராக அவன் முகத்தின் மேல் நிறுத்திப் பார்க்கிறது. மேலும் நெருங்கினாலோ பிடிக்க முயன்றாலோ உடலை உப்பச் செய்து, செதில்களுக்கு இடையே கறுப்பும் வெள்ளையுமான கோடுகளைக் காட்டி, வாயை அகலத் திறந்து பாய்ந்து காட்டும். எதிரே நீட்டிக் கொண்டிருப்பது முகமாக இருந்தால் முகத்தை நோக்கியே பாயும். கையாக இருந்தால் கையை. அது தேடுவது கண்ணை அன்று, தப்பும் வழியை.

இந்த நம்பிக்கை தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. இலங்கையில் சிங்கள மொழியிலும் இதற்குக் கண்ணைக் கொத்துவது என்ற பொருளிலேயே ‘அஹட்டுல்லா’ என்ற பெயர் வழங்குகிறது. விஞ்ஞானிகள் இந்தப் பாம்பினத்துக்குச் சூட்டிய பெயரும் அதிலிருந்து வந்ததே.

குட்டி போடும் பாம்பு

பச்சைப் பாம்பு முட்டையிடுவதில்லை. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து குட்டிகளாக வெளிவருகின்றன. ஓர் ஈற்றில் சில குட்டிகள் முதல் இருபதுக்கு மேலும் பிறப்பது உண்டு. பிறந்த குட்டிக்குத் தாயின் துணை தேவையில்லை. அன்றே கிளையில் ஏறித் தனித்து வாழத் தொடங்கிவிடும். லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1885 ஆகஸ்டு முதல் தனியே வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் பாம்பு 1888 ஆகஸ்டில் குட்டி ஈன்றதாகப் பதிவு உள்ளது. ஆணின் வித்தை நெடுநாள் உடலில் சேமித்து வைத்துப் பிறகு கருத்தரிக்கும் ஆற்றல் இதற்கு இருக்கலாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவர்.

தென்னிந்தியச் சமவெளியிலும் மலையிலும் இலங்கையிலும் உள்ள பச்சைப் பாம்பெல்லாம் ஒரே இனம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்ற ஆய்வாளர்களும் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்து 2020ஆம் ஆண்டில் இவை பல தனி இனங்கள் என்று வெளியிட்டனர். இலங்கையில் இருப்பது வேறு. நம் சமவெளித் தோட்டங்களில் இருப்பது வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் சிறிய இனங்கள் வேறு. அதற்கு முந்திய ஆண்டு, 2019இல், அகத்தியமலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பாம்பு இவற்றின் மிகப் பழைய உறவு என்று கண்டறியப்பட்டது. அது சுமார் 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தனிக் கிளையாகப் பிரிந்துவிட்டதாம்.

கொம்பேறி மூக்கன்

பெயருக்கு ஏற்பக் கொம்புக்குக் கொம்பு தாவி ஏறுவதில் இதற்கு நிகர் இல்லை. முதுகு வெண்கலம் போன்ற பழுப்பு நிறம். பக்கவாட்டில் கழுத்திலிருந்து ஓடும் வெளிர் மஞ்சள் கோடு. பெரிய வட்டக் கண். நீளம் மூன்று முதல் நான்கு அடி. சினம் கொண்டு உடலை உப்பச் செய்யும்போது செதில்களுக்கு இடையே நீலத் திட்டுகள் தெரியும். தென்னை, பனை, வேலி மரங்கள், கீற்று வேய்ந்த கொட்டகைகள் ஆகிய இடங்களில் பகலில் காணலாம்.

இதன் அடிவயிற்றுச் செதில்களின் இரு ஓரமும் மடிந்து விளிம்பு கட்டியிருக்கும். மரப்பட்டையின் சொரசொரப்பில் இந்த விளிம்பு பற்றிக் கொள்வதால் நெட்டான மரத்திலும் வழுக்காமல் விரைந்து ஏறுகிறது. தவளை, பல்லி, ஓணான், சிறு பறவைகள், அவற்றின் முட்டைகள் ஆகியவற்றை உண்ணும். பச்சைப் பாம்பைப் போலன்றி இது முட்டையிடும். மரப்பொந்திலோ மக்கிய இலைக் குவியலிலோ நீண்டு ஒடுங்கிய ஆறேழு முட்டைகளை இடும்.

கொம்பேறி மூக்கன் கடித்தால் உடனே சுடுகாட்டு மரத்தில் ஏறிக் கடிபட்டவனின் பிணம் எரியும் புகை வருகிறதா என்று பார்க்கும். புகையைக் கண்ட பின்னரே இறங்கும் என்று ஊருக்கு ஊர் சொல்வர். இதனால் இப்பாம்பை அடித்தவர்கள் அதை எரிக்காமல் விடுவதில்லை. உண்மையில் கொம்பேறி மூக்கனின் கடியால் மனிதருக்குப் பல் பட்ட கீறலைத் தவிர வேறு கேடு இல்லை. சுடுகாட்டில் மனித நடமாட்டம் குறைவு. பழைய மரங்கள் அதிகம். ஆகவே அங்கே இப்பாம்பைக் காண்பது எளிது. கதைக்கு அதுவே வித்தாக இருந்திருக்கலாம்.

பூனைப் பாம்பும் பறக்கும் பாம்பும்

பகலில் கண்கொத்தி செய்யும் வேலையை இரவில் பூனைப் பாம்பு செய்கிறது. பழுப்பு உடலில் வளைந்த கோடுகள், உடலை விடப் பெரிதாகத் தெரியும் தலை, இருட்டில் விரியும் பூனைக் கண் ஆகியவை இதன் அடையாளம். புதரிலும் கூரையிலும் பகலைக் கழித்துவிட்டு இரவில் பல்லிகளைத் தேடும். இதன் விஷமும் மனித உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆனால் பார்வைக்கு இது சுருட்டை விரியனை ஒத்திருக்கும். சுருட்டை விரியன் கடி உயிருக்கு ஆபத்தானது. தரையில் வாழும் அதுவும் ஈரத்துக்குப் பயந்து குத்துச் செடிகளில் ஏறுவது உண்டு. ஆகவே இவ்விரண்டையும் பிரித்தறிய முயன்று கிட்டப் போவது கூடாது.

மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் பறக்கும் பாம்பு என்று ஒன்று உள்ளது. அதற்குச் சிறகு கிடையாது. உயரக் கிளையிலிருந்து பாயும்போது விலா எலும்புகளை விரித்து உடலைத் தட்டையாக்கிக் கொண்டு, காற்றில் சறுக்கி அடுத்த மரத்துக்குப் போகும். இதுவும் மனிதருக்கு ஆபத்தில்லாத இனமே.

மலைத் தோட்டக்காரர் கவனத்துக்கு

பச்சை நிறமாக இருப்பதெல்லாம் பச்சைப் பாம்பு என்று எண்ணிவிடக் கூடாது. சேர்வராயன் மலை, கொல்லிமலை போன்ற மலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மூங்கில் புதர்களில் மூங்கில் குழிவிரியன் வாழ்கிறது. காப்பி, ஏலம், தேயிலை பயிராகும் மேற்கு மலைப் பகுதிகளில் இதன் உறவினங்களும் உள்ளன. இவற்றின் நிறம் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று மாறும்.

வேறுபாட்டைத் தொலைவிலிருந்தே காணலாம். பச்சைப் பாம்பின் உடல் சீராக ஒல்லியானது, தலை நீண்டு கூர்ந்தது, பகலில் நடமாடும், ஆளைக் கண்டால் நழுவும். குழிவிரியனின் உடல் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். கழுத்து ஒடுங்கித் தலை முக்கோணமாகத் தெரியும். பகலில் கிளையோடு கிளையாகச் சுருண்டு அசையாமல் கிடக்கும். மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு குழி உண்டு. எலி, பறவை போன்ற வெப்ப இரத்தப் பிராணி அருகில் வந்தால் அந்தச் சூட்டை இருளிலும் இக்குழி உணர்ந்துகொள்ளும்.

ஆள் வந்தாலும் நகராத குணமே இதன் ஆபத்து. காப்பிப் பழம் பறிப்போரும் தேயிலை கிள்ளுவோரும் செடிக்குள் கைவிடும்போது கடிபட நேர்கிறது. கடித்தால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும். உயிரிழப்பு அரிது என்றாலும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கக் கூடாது. நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்து குழிவிரியன் விஷத்துக்காகச் செய்யப்பட்டது அன்று. எனவே வலி, வீக்கம், இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றை மருத்துவர் கவனித்து அதற்கேற்பச் சிகிச்சை தருவார்.

பயிருக்கு நன்மை உண்டா?

பாம்பு உழவனின் நண்பன் என்று சொல்வது வழக்கம். எலிகளை வளைக்குள் புகுந்து தின்னும் சாரைப் பாம்புக்கு இது முற்றிலும் பொருந்தும். மரப் பாம்புகளுக்கு அப்படியே பொருந்தாது. இவை பெரும்பாலும் தின்பது ஓணானையும் தவளையையும் பல்லியையும். ஓணானும் தவளையும் பூச்சிகளைத் தின்பவை. ஆகவே இவையும் உழவருக்கு உதவுபவையே. மரப் பாம்பால் மகசூல் கூடும் என்று சொல்வதற்கில்லை. அதே சமயம் இதனால் பயிருக்கோ கால்நடைக்கோ எந்த நட்டமும் இல்லை.

மரப் பாம்பைத் தின்று வாழ்பவையும் உண்டு. மயிலும் செம்போத்தும் கீரியும் பாம்புக் கழுகும் இவற்றைப் பிடிக்கும். பூச்சி மருந்து மிகுதியாக அடித்துப் பூச்சி இல்லாமற் போன தோட்டத்தில் ஓணான் இராது. ஓணான் இல்லாத இடத்தில் பச்சைப் பாம்பும் இராது. வேலியில் பச்சைப் பாம்பு காணப்படுவது அந்த வேலியில் இன்னும் பல உயிர்கள் வாழ இடம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். உயிர்வேலியை அழித்துக் கம்பி வேலியும் கல்தூணும் போட்ட இடங்களில் இப்பாம்பு மறைந்து வருவதற்கு இதுவே காரணம்.

மந்திரம் பலித்த கதை

மரப் பாம்பைப் பற்றிய அறியாமையால் உண்டாகும் பெரிய நட்டம் இனிமேல்தான் வருகிறது. ஒருவரைக் கொம்பேறி மூக்கன் கடிக்கிறது. அவர் உயிர் போய்விடும் என்று நம்பிப் பதறி மந்திரிப்பவரிடம் ஓடுகிறார். வேப்பிலை அடித்துப் பச்சிலை கொடுத்ததும் மறுநாள் எழுந்து நடமாடுகிறார். மந்திரம் பலித்தது என்று ஊரே நம்புகிறது. கடித்த பாம்புக்கு உயிரைக் கொல்லும் விஷம் இல்லை என்பதை எவரும் எண்ணுவதில்லை. அவர் மந்திரிக்காமல் வீட்டில் படுத்திருந்தாலும் பிழைத்திருப்பார்.

இது போல விஷப் பாம்பும் சில சமயம் கடிக்கும்போது விஷத்தைச் செலுத்தாமல் விட்டுவிடுவது உண்டு. அப்படிப் பிழைத்தவர்களும் மந்திரத்தின் கணக்கில் சேர்ந்துகொள்கிறார்கள். இவ்வாறு பத்துப் பேர் பிழைத்த பெயரை நம்பிப் பதினோராவது ஆளாகக் கட்டுவிரியன் கடிபட்டவரும் அதே வாசலுக்குக் கொண்டு போகப்படுகிறார். மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றியிருக்க வேண்டிய இரண்டு மணி நேரம் அங்கே கழிந்துவிடுகிறது. அவர் இறந்தால் விதி என்று சொல்லிவிடுகிறார்கள்.

2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்துள்ளனர். சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இந்த உயிர்களைப் பெரும்பாலும் பறிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. நான்கும் தரையில் நடமாடுபவை. மரத்தை அண்ணாந்து பார்த்து அஞ்சும் உழவர் தம் காலடியைப் பார்க்க மறந்துவிடுகிறார்.

விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளின் விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துத் தயாரிக்கப்படுகிறது. இதற்கு வேண்டிய விஷத்தைப் பாம்பைக் கொல்லாமல் சேகரிப்பதற்காக 1978இல் தொடங்கப்பட்டதே செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைப் பரம்பரையாக அறிந்த இருளர் மக்களின் கையால் எடுக்கப்படும் விஷமே மருந்தாகி உழவரின் உயிரைக் காக்கிறது.

கடிபட்டால் செய்ய வேண்டியது

கடித்தது எந்தப் பாம்பு என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியாதபோது விஷப் பாம்பு என்றே கொள்ள வேண்டும். மரத்தின் மேல் இருந்தபோது கடித்தது என்பதால் அலட்சியமாக இருக்கக் கூடாது. நல்ல பாம்பும் பறவை முட்டைக்காக மரம் ஏறுவது உண்டு. கட்டுவிரியன் கூரையில் புகுவதும் உண்டு.

1. கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாமல் அமைதிப்படுத்தவும். மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றவும்.

2. கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி ஒரு கழியை வைத்துத் தளர்வாகக் கட்டவும். இரத்த ஓட்டம் நிற்கும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது.

3. கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சூடு வைத்தல், பச்சிலை அப்புதல் ஆகிய எதையும் செய்யக் கூடாது.

4. 108 ஆம்புலன்சை அழைக்கவும். அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். அங்கே விஷமுறிவு மருந்து இலவசமாகத் தரப்படுகிறது.

5. பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. வெட்டுண்ட பாம்பின் தலையும் சிறிது நேரம் கடிக்கும் ஆற்றல் உடையது.

மருத்துவமனையில் சிறிது இரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று தெரியும். கட்டுவிரியன் கடியில் வலியே இராது. இமை தானே மூடுதல், வயிற்று வலி, பேச்சுக் குழறுதல் ஆகியவை சில மணி நேரம் கழித்தே தோன்றலாம். ஆகவே உடல் நன்றாக இருக்கிறது என்று அவசரப்பட்டு வீடு திரும்பக் கூடாது. மருத்துவர் சொல்லும் வரை தங்கியிருக்க வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது.

தோட்டத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

வேலி கழிக்கும் முன்பும், கொடிக்காலில் நுழையும் முன்பும், காப்பிச் செடியில் கை வைக்கும் முன்பும் ஒரு நீண்ட கழியால் செடியை மெல்லத் தட்டவும். பச்சைப் பாம்பும் கொம்பேறி மூக்கனும் அந்த அதிர்விலேயே விலகிவிடும். குழிவிரியன் விலகாது, ஆதலால் மலைத் தோட்டங்களில் தட்டிய பின் கண்ணாலும் ஒரு முறை பார்த்துவிட்டே கையை நீட்ட வேண்டும்.

மரத்தில் ஏறிய பின் பாம்பைக் கண்டால் குதிக்காமல், கையை வீசாமல், இருந்த இடத்தில் சற்று நேரம் அசையாமல் இருந்தால் அது தன் வழியே போகும். வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்க முயலாமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியனுப்பலாம்.

இரவில் வரப்பில் போகும்போது கை விளக்கும் காலில் செருப்பும் கட்டாயம் வேண்டும். தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் கொசுவலை கட்டி, வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிக்கொண்டு படுப்பது கட்டுவிரியனுக்குச் சிறந்த காப்பு. வைக்கோல் போர், விறகு அடுக்கு, எருமுட்டைக் குவியல் ஆகியவற்றில் கைவிடும்போது இரட்டிப்புக் கவனம் தேவை.

பச்சைப் பாம்பைக் கண்டால் இரண்டடி பின்வாங்கி அதற்கு வழி விட்டால் போதும். வழி விட்டவர் அடுத்த அடி வைக்கும் முன் குனிந்து தரையை ஒரு முறை பார்த்துக் கொள்ளட்டும். உயிரைக் காக்கும் எச்சரிக்கை அங்கேதான் தேவை.